போலீஸ் அடிக்கு எதிராக இரண்டு விசாரணைகள்: காரைக்குடியிலிருந்து ஒரு மதிப்பீடு

காரைக்குடியில் பழைய மரச்சாமான் கடையொன்றில் தச்சு வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன், காணாமற்போன குத்துவிளக்கு ஒன்றைப் பற்றி விசாரிக்க வேண்டுமென்று வட்டாரக் காவல் நிலையம் ஒன்றுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மறுநாள் காலையில் உள்ளங்கால் வீங்கிச் சுவரைப் பிடித்தபடி வீடு வந்து சேர்ந்தான்.

துறைக்குள்ளேயே நடந்த முதல் விசாரணைக்கு நான் ஒரு நட்சத்திரம்கூடத் தரமாட்டேன். "இழுத்துக்கொண்டு போனார்கள்" என்று அவன் சொன்னது, தாளில் "அழைத்துச் சென்றனர்" என்று ஏறியிருந்தது. சுட்டிக்காட்டியபோது, "ரெண்டும் ஒண்ணுதானப்பா" என்றார் எழுதியவர்.

பிறகு மாநில மனித உரிமைகள் ஆணையத்துக்கு மனு அனுப்பினோம். கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவே. விசாரிக்க வந்த அதிகாரி எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, எழுதியதை வரி வரியாக வாசித்துக் காட்டி, அவன் திருத்தச் சொன்ன இடத்தில் அடித்தெழுதி ஓரத்தில் கையொப்பமிட்டார். ஆனால் அவரும் காவல்துறையைச் சேர்ந்தவரே. ஆணையத்தின் புலனாய்வுப் பிரிவு ஐ.ஜி. நிலைக்குக் குறையாத காவல் அதிகாரியின் கீழ் இயங்க வேண்டுமென்று 1993ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டமே சொல்வதால், சுதந்திரமான விசாரணை என்பது அறிக்கை எழுதும் கையில் அல்ல, ஆணையத்தில் அமர்ந்து அதைப் படித்துப் பார்க்கும் நீதிபதியிடம்தான் இருக்கிறது.

மற்ற வழி இதைவிடப் பலவீனமானது. காவல்துறை மீதான புகார்களை ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையிலான அமைப்புகள் விசாரிக்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2006இல் உத்தரவிட்டிருக்க, தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ மாநில அளவில் உள்துறைச் செயலாளரையும் மாவட்ட அளவில் கலெக்டரையும் தலைமையில் உட்கார வைத்தது. 2025 ஜூனில் இதே சிவகங்கை மாவட்டத்தின் மடப்புரத்தில் கோயில் காவலாளி ஒருவர் போலீஸ் விசாரணையில் இறந்தபோது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை மாவட்ட நீதிபதி ஒருவரையே விசாரிக்கச் சொன்னது. உயிரோடு வீடு திரும்புகிறவனுக்கு அந்த வாசல் அத்தனை எளிதில் திறப்பதில்லை.

எங்கள் மனுவைத் தாங்கி நிற்பது மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு. பயத்தில் இவன் "மாடிப்படியில விழுந்துட்டேன்" என்றுதான் முதலில் சொன்னான். பணியிலிருந்த மருத்துவர் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "படியில விழுந்தா உள்ளங்கால்ல கோடு விழாது தம்பி" என்றார். பிறகு எத்தனை பேர், எதைக்கொண்டு, எத்தனை மணிக்கு என்று கேட்டுக் கேட்டு எழுதினார். அன்று அவர் கேட்காமல் விட்டிருந்தால், இந்த மதிப்பீட்டை எழுத எனக்கு வேலையே இருந்திருக்காது.

இன்னொன்று கேமரா பதிவு. காவல் நிலையப் பதிவுகளைப் பதினெட்டு மாதம், முடியாத இடத்தில் குறைந்தது ஓராண்டு பாதுகாக்க வேண்டும் என்பது 2020 டிசம்பரில் வந்த உச்ச நீதிமன்ற உத்தரவு. ஆணையமே அதை வரவழைக்கலாம். மனுவின் முதல் பக்கத்திலேயே தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு இதைக் கேட்டுவிடுங்கள். நாங்கள் மூன்றாம் பக்கத்தில் கேட்டிருந்தோம்.

ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021இல் தீர்ப்பளித்திருப்பதால், இதை வெறும் கடிதப் போக்குவரத்து என்று ஒதுக்க முடியாது. இப்போதைக்கு மூன்று நட்சத்திரம். சாட்சி விசாரணை முடிந்ததும் திருத்துவேன்.