சேலத்துப் பிள்ளைக்குக் கிரிக்கெட்டா, தடகளமா?

சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து வீசிப் பழகிய நடராஜன், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். பிறகு சொந்த ஊரிலேயே மைதானம் அமைத்தார். கிரிக்கெட்டில் பணம் உண்டு, அது ஊருக்கும் திரும்புகிறது. ஆனால் பதினொருவரில் இடம் கிடைக்காதவன் வெளியே நிற்க வேண்டியதுதான்.

தடகளத்தில் யார் தயவும் வேண்டாம். பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016 ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டினார், கம்பி விழவில்லை, தங்கம் அவருடையது. சிறுவயதில் பஸ் ஏறிச் சிதைந்த கால் அது! பின்னர் டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். இத்தனைக்கும் பிறகும் எங்கள் தெருப் பிள்ளைகள் கையில் மட்டைதான். அது எனக்கு ஆற்றாமை.

என் மகளைத் தடகளத்துக்கே அனுப்புகிறேன். காலையில் காந்தி விளையாட்டரங்கிலிருந்து முழங்காலில் ஈரமணல் ஒட்ட வருகிறாள், நேற்றைவிட நான்கு விரற்கடை கூடத் தாண்டியதாகச் சொல்லிக்கொண்டு.