மண்வெட்டியா, மெஷினா, புகை மருந்தா? வேலூர்த் தெரு வேலைகளில் எது உயிர்களை விட்டு வைக்கிறது

வேலூரில் பசுமை என்று யாராவது பேச்செடுத்தால் உடனே புதுப் பூங்கா, மரக்கன்று நடும் விழா என்றுதான் போகும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது விடிகாலையில் மாநகராட்சி மேஸ்திரி தன் ஆட்களுக்கு அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் நேரம். எந்தத் தெருவுக்கு மண்வெட்டி, எந்தத் தெருவுக்கு அரிவாள், எங்கே புகை மருந்து என்று அப்போது முடிவாவதை வைத்துத்தான் அந்தத் தெருவில் ஓணான், தவளை, தையல்சிட்டு, பட்டாம்பூச்சி எல்லாம் பிழைப்பதும் போவதும். ஒரே வேலையை இரண்டு மூன்று விதமாகச் செய்ய முடியும் என்பதால் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

சாலையோரப் புல்லும் செடியும்

இதில் மூன்று வழி. மண்வெட்டியால் வேரோடு செதுக்குவது, களைக்கொல்லி அடிப்பது, மெஷினால் வெட்டுவது.

செதுக்கினால் அன்றைக்குப் பார்க்கப் பளிச்சென்று இருக்கும், அதனால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் மேல்மண் மொத்தமும் கிளறிப் போய்விடுகிறது, மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் தேனீக்களின் இடம் போகிறது, முதல் மழைக்கு அந்த மண் கரைந்து கால்வாயில் இறங்கிவிடும், அப்புறம் அதே ஆட்கள்தான் சாக்கடையில் இறங்கி அதை வாரிப் போட வேண்டும். வெறும் மண்ணாக விட்ட இடத்தில் முதலில் வந்து உட்காருவதும் பெரும்பாலும் பார்த்தீனியம் என்ற அந்நியக் களைதான். தும்பையும் துத்தியும் இருந்த இடத்தில் நாமே அதற்குப் பாய் விரித்துக் கொடுக்கிறோம்.

களைக்கொல்லி பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழிலில் இருப்பவர்கள் மூலமாக மட்டுமே அடிக்கலாம் என்று 2022-ல் மத்திய அரசே கட்டுப்படுத்திவிட்டது. குழந்தைகள் ஓடியாடும், ஆடு மாடு மேயும் தெருவோரத்தில் அது வேண்டவே வேண்டாம்.

மெஷினால் வெட்டுவதுதான் என் தேர்வு, ஆனால் அதிலும் எப்படி வெட்டுகிறோம் என்பது இருக்கிறது. தரையோடு ஒட்ட வெட்டினால் செதுக்கியதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ஒரு சாண் உயரம் விட்டு, பூ முடிந்து விதை விழுந்த பிறகு வெட்டினால் அடுத்த மழைக்கு அதே செடிகள் தானாக வரும். எருக்கஞ்செடியை எடுத்துக்கொள்ளுங்கள். வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிடும் முக்கியமான செடிகளில் அது ஒன்று. முட்டையிலிருந்து பட்டாம்பூச்சியாகப் பறக்க ஏறக்குறைய மூன்று நான்கு வாரம் ஆகும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை எல்லாச் செடியையும் வெட்டித் தள்ளினால் ஒரு தலைமுறைகூட அங்கே முழுதாக வளராது.

பாம்பு பயம் இருக்கிறது என்பார்கள். நியாயமான பயம்தான், அதை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது. அதனால் ஆட்கள் நடக்கிற பக்கம் ஒரு மீட்டர் அகலத்துக்கு நன்றாக வெட்டிவிட்டு, மதில் ஓரம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்று யாரும் போகாத பட்டையை மட்டும் விட்டு வைக்கலாம். எங்கள் தெருக்கோடியில் அப்படி ஒரு மூலை இப்போது இருக்கிறது. கேட்டதும் மேஸ்திரி மறுப்பு சொல்லவில்லை, அவருக்கும் வேலை மிச்சம்.

மரக்கிளை

மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் நிறுத்தும் நாளில்தான் நம் ஊர் மரங்களுக்கு ஆபத்து. கம்பியில் உரசும் கிளையை எடுத்தே ஆக வேண்டும், அதில் சண்டையில்லை. தலையோடு மொட்டையடிப்பதா, உரசும் கிளையை மட்டும் கழிப்பதா என்பதுதான் கேள்வி. மொட்டையடித்தால் ஒரே நாளில் பத்து மரம் முடியும். ஆனால் வெட்டிய இடத்தைச் சுற்றிக் கொத்தாகக் கிளம்பும் புதுக் கிளைகள் மரத்தோடு உறுதியாகப் பிடிப்பதில்லை, காற்றுக்கு முறிந்து மறுபடி அதே கம்பியில்தான் விழும். கிளையைக் கழிக்கும்போது முதலில் அடியிலிருந்து பாதி வெட்டு, அப்புறம் கொஞ்சம் தள்ளி மேலிருந்து முழு வெட்டு, கடைசியில் மிச்சமிருக்கும் கட்டையைக் கிளை தொடங்கும் தடிப்பை ஒட்டி, அந்தத் தடிப்பில் கத்தி படாமல் எடுப்பது என்று மூன்று வெட்டு போட்டால் பட்டை உரியாது, காயமும் மூடிக்கொள்ளும். நேரம் கூட ஆகும், உண்மைதான்.

காலமும் முக்கியம். ஏப்ரல், மே மாதம் வேலூர் வெயில் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை, அந்த நேரத்தில் வேம்பையும் புங்கனையும் மொட்டையாக்கினால் நிழலும் போச்சு, காக்கைக் கூடும் போச்சு. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் செப்டம்பரில், கூடு இருக்கிறதா என்று ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கழிப்பதே சரி.

கால்வாயும் ஏரியும்

இதில் நான் இரண்டு பக்கமும் நிற்கிறேன். நிக்கல்சன் கால்வாய் மாதிரி ஊருக்குள் ஓடுவதைப் பொக்லைன் வைத்து முழுசாகத் தூர்வாரத்தான் வேண்டும். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள். ஆனால் ஏரிக்கு அதே முறை கூடாது. ஆகாயத்தாமரையை முழுக்க அள்ளலாம், கோரையையும் சம்பையும் அப்படி வழிக்கக் கூடாது, நீர்க்கோழிக்குக் கூடு கட்ட அதுதான் இடம். இந்த ஆண்டு ஒரு கரை, அடுத்த ஆண்டு மறு கரை என்று எடுத்தால் போதும். கரையைச் சுற்றிலும் செங்குத்தாகக் கான்கிரீட் போட்டுவிட்டால் தவளையும் ஆமையும் ஏறி இறங்க வழியில்லை.

கொசு

புகை மருந்து அடித்தால் ஏதோ வேலை நடந்த திருப்தி எல்லோருக்கும் வந்துவிடுகிறது. அது பறக்கிற கொசுவை மட்டும்தான் கொல்லும், தண்ணீரில் இருக்கும் புழுவைத் தொடாது. ஒரு வாரம், பத்து நாளில் புதுக் கொசு கிளம்பிவிடும். அந்தப் புகையில் தட்டானும் விட்டில்பூச்சியும் சேர்ந்து போகும், தட்டான் கொசுவைத் தின்னும் பூச்சி என்பதை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. டெங்கு கொசு வளர்வது பெரும்பாலும் வீட்டுத் தொட்டி, பழைய டயர், ஃப்ரிட்ஜ் பின்தட்டில் நிற்கும் தண்ணீரில். வாரம் ஒரு முறை அதைக் கவிழ்க்க வைக்கும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் செய்வதே உண்மையான வேலை. காய்ச்சல் பரவும் தெருவில் புகை அடிக்கட்டும், வாரா வாரம் ஊர் முழுக்க வேண்டாம்.

கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கம்பூசியா மீன் விடுவதும் எனக்கு உடன்பாடில்லை. வட அமெரிக்க மீன் அது, தலைப்பிரட்டையையும் நம் சிறு மீன்களின் முட்டையையும் சேர்த்துத் தின்னும். மூடிய தொட்டியில் விட்டால் பரவாயில்லை, ஏரியில் வேண்டாம். நம் முண்டக்கண்ணி மீனே கொசுப்புழு தின்னும்.

சருகு

எரிப்பதா, உரமாக்குவதா என்றால் இதில் போட்டியே இல்லை. திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே சொல்லிவிட்டது. குப்பையைத் தரம் பிரித்து வார்டு அளவில் உரமாக்கிப் பெயர் வாங்கிய ஊர் வேலூர், இங்கே சருகு எரிவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. எல்லாச் சருகையும் கூடத் தூக்க வேண்டாம், மரத்தடியிலேயே கொஞ்சம் ஒதுக்கிவிட்டால் மண்புழுவுக்கும் நல்லது, மரத்துக்கும் ஈரம் நிற்கும். அதற்கு மரத்தைச் சுற்றி மண் இருக்க வேண்டும். டெல்லியில் அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை எடுக்கச் சொல்லி 2013-ல் இதே தீர்ப்பாயம் உத்தரவிட்டது. நம் தெருவில் பேவர் பிளாக் பதிக்க ஆட்கள் வரும் அன்று காலையில் அந்த ஒரு மீட்டரைக் கேட்டு வாங்கிவிடுங்கள், பதித்த பிறகு பெயர்க்கச் சொன்னால் நடக்காது.