ரூ.3,450 போச்சு: "24 வோல்ட் 20 ஆம்பியர்" எஸ்எம்பிஎஸ் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

மூடி கழற்றிய எஸ்எம்பிஎஸ் (வீட்டு 230 வோல்ட் ஏசியை 24 வோல்ட் டிசியாக மாற்றும் பெட்டி) மேசையில் கிடக்கிறது. பார்க்கப் பார்க்க ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். ரூ.3,450. லேபிளில் 24 வோல்ட், 20 ஆம்பியர், 480 வாட் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது எட்டு ஆம்பியரிலேயே மூச்சு வாங்கும் சரக்கு. அதுகூடப் பரவாயில்லை, இரும்புப் பெட்டிக்கு எர்த் இணைப்பே இல்லை. இதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

வாங்கியது எலக்ட்ரானிக்ஸ் பாகங்கள் விற்கும் ஒரு ஆன்லைன் சந்தையில், அங்கே கடை போட்டிருக்கும் ஒரு விற்பனையாளரிடம். பெயர் போடவில்லை. இதே பெட்டி வேறு வேறு பெயரில் பல கடைகளில் கிடக்கிறது.

பணம் கட்டும் முன்பே சாட்டில் தெளிவாகக் கேட்டாயிற்று: மாவு சலிக்கும் சல்லடைக்கு 24 வோல்ட் 250 வாட் பிரஷ் மோட்டார் (கார்பன் பிரஷ் வைத்த டிசி மோட்டார்), முழு லோடில் 13.7 ஆம்பியர் இழுக்கும், ஸ்டார்ட்டிங்கில் அதைவிடப் பல மடங்கு எகிறும், நாள் முழுக்க ஓட வேண்டும், தாங்குமா? பத்து நிமிடத்தில் பதில். "தாராளமா தாங்கும் சார். 20 ஆம்ப்ஸ் கன்டினியூஸ். நம்ம கஸ்டமர்ஸ் 350 வாட் மோட்டாரே இதுல ஓட்டுறாங்க." கூடவே ஒரு போட்டோ, மல்டிமீட்டரில் 24.02. லோடு மாட்டாமல் அளந்தால் எந்தக் குப்பையும் 24.02 காட்டும். அது தெரிந்தும், "கன்டினியூஸ்" என்ற சொல்லைக் கேட்டதும் விஷயம் தெரிந்த ஆள் என்று நம்பிவிட்டேன். ரூ.3,450 அந்த ஒரு சொல்லுக்குத்தான் போனது.

ஒழுங்காக எப்படி இணைப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வந்து சேர்ந்த லட்சணத்தைப் பாருங்கள்.

எடை 540 கிராம். உண்மையாக 480 வாட் கொடுக்கும் யூனிட் என்றால் முக்கால் கிலோவாவது இருக்கும். டிரான்ஸ்ஃபார்மரும் சோக்கும் அலுமினியமும் காற்றில் செய்வதில்லை. லைன் 115 வோல்ட்டா 230 வோல்ட்டா என்று தேர்வு செய்ய, பக்கவாட்டு ஓட்டைக்குள் இருக்கும் சிவப்பு ஸ்விட்ச் 115-ல் நின்றது. நம் ஊர் 230-ல் அப்படியே செருகியிருந்தால் உள்ளே வோல்டேஜ் டபுளர் (வோல்டேஜை இரட்டிப்பாக்கும் சர்க்யூட்) வேலை செய்து 650 வோல்ட் ஏறியிருக்கும். 200 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டர் ஒவ்வொன்றுக்கும் 325 வோல்ட். இரண்டும் முகத்துக்கு நேரே வெடித்திருக்கும். இதைப் பற்றி ஒரு துண்டுச் சீட்டுகூடப் பெட்டியில் இல்லை.

230-க்கு மாற்றி மோட்டாரைக் கொடுத்தால் அரைச்சுற்று சுற்றி நிற்கிறது. டிக், டிக், டிக் என்று ஓவர்லோடில் போய்ப் போய் வருகிறது. இது மட்டும் நடந்திருந்தால் குற்றம் சொல்ல மாட்டேன். நின்ற நிலையில் மோட்டாருக்குச் சுருளின் ரெசிஸ்டன்ஸ் மட்டும்தான் தடை, 0.3 ஓம் என்று வைத்தாலே 24 வோல்ட்டுக்கு 80 ஆம்பியர் கேட்கும். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் அதற்கு முடங்கும். அதனால் மோட்டாரை விட்டுவிட்டு பல்பு போட்டுப் பார்த்தேன். 12 வோல்ட் 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு, இரண்டு இரண்டாக சீரிஸில். ஒரு ஜோடிக்கு ஏறக்குறைய 4.6 ஆம்பியர். முதல் ஜோடியில் 23.9 வோல்ட். இரண்டாவது ஜோடி மாட்டியதும் 21.3, பல்பு மங்கி மங்கி எரிகிறது. மூன்றாவது ஜோடியைத் தொட வைத்ததும் அணைந்துவிட்டது. 20 ஆம்பியர் என்றால் நான்கு ஜோடி அலட்டாமல் எரிய வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரில் சார்ஜ் வடிந்துவிட்டதை மீட்டரில் பார்த்த பிறகு மூடியைத் திறந்தேன். இன்புட்டில் 220 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டு, சீரிஸில் வருவதால் கிடைப்பது 110. நம் லைனுக்கு வாட்டுக்கு ஏறக்குறைய 1 மைக்ரோ ஃபாரட் என்பது வழக்கமான கணக்கு. 480 வாட்டுக்கு இது கால்வாசிகூட இல்லை. மின் இரைச்சலைத் தடுக்கும் ஃபில்டர் சோக் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஜம்பர் கம்பி. ஃபியூஸ் என்று அச்சடித்த இடத்தில் ஃபியூஸ் இல்லை, முடி மாதிரி ஒரு கம்பியைச் சால்டர் செய்திருக்கிறார்கள். மெயின்ஸ் பக்கத்துக்கும் 24 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே சான்று முத்திரை உள்ள ஒய் வகைக் கெப்பாசிட்டர் வர வேண்டும். அது ஷார்ட் ஆனால் மோட்டாரின் வயரில் 230 வோல்ட் வந்துவிடும், அதனால்தான் அதற்கென்று தனி வகை. இதில் இருந்தது சாதா டிஸ்க் கெப்பாசிட்டர்.

எர்த் விஷயத்துக்கு வருகிறேன். எர்த் டெர்மினலில் ஒரு முனை, பெட்டியில் ஒரு முனை வைத்து மீட்டரில் பீப் பார்த்தேன், இணைப்பு இருந்தால் சத்தம் வரும். சத்தமே இல்லை. டெர்மினலிலிருந்து கிளம்பும் தடம் போர்டு மூலையில் ஒரு ஸ்க்ரூ ஓட்டையோடு முடிகிறது. அந்த ஓட்டையில் ஸ்க்ரூ போடவில்லை. ஒரு ஸ்க்ரூ! நீங்கள் மூன்று பின் பிளக் போட்டு, பச்சை வயரைப் பொறுப்பாக முறுக்கி வைத்தாலும் அது பெட்டிக்குப் போய்ச் சேராது. உள்ளே லைன் எங்காவது உரசினால் பெட்டி முழுக்க 230. மாவு வேலையில் கை ஈரமாகத்தான் இருக்கும்.

அடுத்து தளத்தின் கஸ்டமர் சர்வீஸ். முதல் பதில்: "மோட்டார் இன்டக்டிவ் லோடு சார், வாரன்டியில வராது." மோட்டார் என்று சொல்லித்தானே வாங்கினோம் என்று பழைய சாட் பதிவை எடுத்துப் போட்டால், "செல்லர்கிட்ட பேசுங்க." செல்லரோ, "தளத்துல ரிட்டர்ன் போடுங்க." போட்டால், "சீல் உடைந்திருப்பதால் நிராகரிக்கப்பட்டது." எர்த் இணைப்பே இல்லை, இது உயிர் சம்பந்தப்பட்டது என்று போட்டோவோடு எழுதினேன். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், டிக்கெட் முடிக்கப்பட்டது." ஐந்து தடவை எழுதி, ஐந்தாவது பதிலில் 10% கூப்பன் கொடுத்தார்கள். ரூ.3,450-க்குக் கூப்பன். அதே பொருள் இந்த நிமிடம்கூட அதே 20 ஆம்பியர் லேபிளோடு விற்பனையில் இருக்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவாகிவிட்டது. 2020-ன் மின்வணிக விதிகள்படி தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தளத்தின் அடியில் அவருடைய மின்னஞ்சல் இருக்கும். சாட்டில் மல்லுக்கட்டாமல் நேராக அதற்கே எழுதுங்கள்.

இணைக்கும் முறையை விரிவாக எழுத இப்போது மனம் இல்லை. அவசரமாகச் சிலது மட்டும்:

பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். பிளக் செருகும் முன் ஸ்விட்ச் 230-ல் இருக்கிறதா, எர்த் டெர்மினலுக்கும் பெட்டிக்கும் பீப் வருகிறதா, இரண்டையும் பாருங்கள். பீப் இல்லையென்றால் அன்றே திருப்பி அனுப்புங்கள், மூடியைத் தொடாதீர்கள்.

மோட்டாரின் ஆம்பியரைப் போல ஒன்றரை மடங்காவது எஸ்எம்பிஎஸ் வேண்டும். நடுவே மோட்டாரின் வேகத்தை மெதுவாக ஏற்றும் பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் கட்டாயம். 24 வோல்ட் பக்கம் 2.5 சதுர மி.மீ. வயர், பாசிட்டிவில் 20 ஆம்பியர் ஃபியூஸ். சுவரில் போடும் 6 ஆம்பியர் ஸ்விட்சை டிசி பக்கம் போடாதீர்கள், ஆர்க் அடித்து ஒட்டிக்கொள்ளும். லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கட்டும்.

இது சரிவரவில்லை என்று பல்பை சீரிஸில் போட்டோ, கெப்பாசிட்டர் வைத்து வோல்டேஜைக் குறைத்தோ 230-லிருந்து நேராக மோட்டாருக்குக் கொடுக்காதீர்கள். மோட்டார் சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் அதன் வயர் லைனோடு நேரடித் தொடர்பில் இருக்கும், உள்ளே எங்காவது உரசினால் உடம்பிலும் 230 வந்துவிடும்.

கெப்பாசிட்டர், ஃபியூஸ், ஸ்க்ரூ இல்லாத ஓட்டை, மூன்றின் போட்டோவும் எடுத்து வைத்திருக்கிறேன். இதே பெட்டியை வாங்கியவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். அதுவரை அதைச் செருகாதீர்கள்.