தமிழ் வகுப்பில் தட்டச்சு: ஒலிபெயர்ப்பா, கையெழுத்தா, தமிழ்99ஆ?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற இடங்களில் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில் ஆங்கிலம் பேசுபவர்கள். ஆங்கில விசைகள் கைக்குப் பழக்கம். தமிழ் எழுத்துதான் புதிது. டேப்லெட்டில் என்ன செயலி போடலாம் என்று தேடுமுன், அதில் தமிழை எப்படி உள்ளிடுவது என்று முடிவெடுத்துவிட வேண்டும்.

ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்தால் தமிழாக மாறும் ஒலிபெயர்ப்பு முறைதான் சட்டென்று பழகும். ஆனால் கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டில் 'பி, ஏ, எல், எல், ஐ' அடித்தால் பள்ளி, பல்லி எல்லாம் பரிந்துரைப் பட்டியில் வந்து நிற்கும். பிள்ளை முதலில் இருப்பதைத் தொட்டுவிட்டுப் போகும். ல-ள-ழ, ர-ற, ந-ன-ண என்று தடுமாற வேண்டிய இடத்திலெல்லாம் முடிவெடுப்பது இயந்திரம். வீட்டுப்பாடம் பிழையில்லாமல் வரும், பலகையில் எழுதச் சொன்னால் கை நிற்கும். ஒலிபெயர்ப்பிலேயே இன்னொரு வகையான 'அஞ்சல்' முறை கொஞ்சம் தேவலை: ஷிஃப்டோடு அடித்தால் ள, இல்லாவிட்டால் ல என்று பிள்ளையே தேர்ந்தாக வேண்டும்.

திரையில் விரலால் எழுதும் கையெழுத்து உள்ளீடு முதல் சில மாதங்களுக்கு நல்லது. 'கொ' எழுத ஒற்றைக்கொம்பு, க, கால் என்று தாளில் எழுதும் அதே வரிசைதான். ன-வுக்கும் ண-வுக்கும் சுழி எண்ண வேண்டியிருக்கும். தொல்லை இரண்டு. உள்ளங்கை திரையில் பட்டால் அதுவும் ஒரு கோடாகிவிடும். கோணலாக எழுதினாலும் இயந்திரம் ஊகித்துச் சரியாகக் காட்டிவிடும். ஆகவே தாள் நோட்டை மூடிவிடக் கூடாது. கையெழுத்தை அறிவதற்கான தமிழ் மொழிக் கோப்பை (ஃபைல்) வைஃபை உள்ள இடத்திலேயே இறக்கி வைத்துவிடுங்கள், டேட்டா விலை தெரிந்ததுதானே.

உயிர், மெய் பிடிபட்ட பிறகு தமிழ்99, அதாவது விசைக்கு ஒரு தமிழ் எழுத்தாக அமைந்த விசைப்பலகை. விசைப்பலகையே பாடம் நடத்தும்: இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் பெரும்பாலான மெய். நடு வரிசையில் அ, இ, உ. அவற்றுக்கு நேர் மேலே ஆ, ஈ, ஊ. குறில் நெடிலை விரலே மனப்பாடம் செய்துகொள்ளும். க அடித்து ஒ அடித்தால் கொ. 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு; ஒரே மெய் இரண்டு முறை வந்தால் புள்ளி தானே விழும். ந்த-வுக்கு ந-த, ங்க-வுக்கு ங-க போன்ற இன இணைகளுக்கும் அப்படியே.

பிள்ளைகள் சிக்குவதும் இங்கேதான். 'பப்பாளி' என்று அடிக்கப் போனால் தொடக்கத்திலேயே 'ப்ப' வந்து நிற்கும். முதல் ப-வுக்குப் பின் அ தட்ட வேண்டும்: ப, அ, ப, ப, ஆ, ள, இ. இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடாவிட்டால் விசைப்பலகை கெட்டுவிட்டது என்று முறையிடுவார்கள்.

ஆப்பிள் கருவிகளில் 2013-ல் வந்த ஐஓஎஸ் 7 முதல் தமிழ்99, அஞ்சல் இரண்டும் உள்ளேயே உண்டு. மடிக்கணினி விசைகளில் ஒட்டும் வில்லைகள் விரல் வியர்வையில் உரியும். ஏ4 தாளில் அச்சிட்ட படத்தைத் திரைக்குக் கீழே வைத்தால் போதும், சில வாரத்தில் எடுத்துவிடலாம். எந்த முறையானாலும் வகுப்பு நேரத்தில் பரிந்துரைப் பட்டியும் தானியங்கித் திருத்தமும் அணைந்திருக்கட்டும். பாட்டிக்கு வாட்ஸ்அப் அனுப்பும்போது ஒலிபெயர்ப்பைத் தாராளமாகப் பயன்படுத்தட்டும்.