அபுனைவு நூலுக்கு எந்த வழி: முகவரா, பல்கலைக்கழகப் பதிப்பகமா, சொந்தப் பதிப்பா?

அமெரிக்காவில் அபுனைவு, அதாவது கதையல்லாத நூல், எழுதுபவருக்கு, நூலைப் பதிப்பகங்களிடம் விற்றுத்தரும் இலக்கிய முகவர் தேவையா என்று கேட்டால், பலரும் எழுத்தாளரின் வருமானத்தில் அவர் எடுத்துக்கொள்ளும் 15 சதவீதத்தைத்தான் முதலில் கணக்கிடுகிறார்கள். நான் ஒப்பந்தத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

நியூயார்க்கின் பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் முகவர் வழியாக வருவதை மட்டுமே படிக்கின்றன. முதல் நாவல் என்றால் முழுப் பிரதி வேண்டும். அபுனைவு நூலோ முன்மொழிவை வைத்தே விலைபோகும்: நூலின் மையக் கருத்து, அத்தியாயச் சுருக்கம், ஓரிரு மாதிரி அத்தியாயங்கள், சந்தையில் உள்ள ஒத்த நூல்கள், இதை எழுத இவருக்குள்ள தகுதி. இந்த முன்மொழிவை நல்ல முகவர் மாதக்கணக்கில் திருத்தவைப்பார்; பிறகு பல பதிப்பாசிரியர்களுக்கு ஒரே சமயத்தில் அனுப்புவார்.

பதிப்பகம் தரும் முன்பணம் 60,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அது பெரும்பாலும் நான்கு தவணைகளாக வரும். ஒவ்வொரு 15,000 டாலரிலும் முகவருக்கு 2,250 போக, 12,750 எழுத்தாளருக்கு. கடைசித் தவணை வருவதற்குள் மூன்று, நான்கு ஆண்டுகள் ஓடிவிடலாம்.

ஆனால் முகவரின் உண்மையான உழைப்பு ஒப்பந்த விதிகளில் இருக்கிறது. நூலில் அவதூறு எதுவும் இல்லை என்று எழுத்தாளர் உறுதியளிக்க வேண்டும்; வழக்கு வந்தால் செலவு அவர் தலையில் விழும். உயிரோடிருக்கும் மனிதர்களைப் பற்றி எழுதுபவருக்கு இது வீட்டையே இழக்கவைக்கக்கூடிய விதி. பதிப்பகத்தின் காப்பீட்டில் எழுத்தாளரையும் சேர்க்கச் சொல்லி வாதாடுபவர் முகவர்தான். மொழிபெயர்ப்பு உரிமையைத் தனியே விற்கப் பிடித்துவைப்பதும், ஆண்டு விற்பனை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் உரிமை எழுத்தாளருக்கே திரும்ப வேண்டும் என்று எழுதவைப்பதும் அவர் வேலை. நூல் 'அச்சில் இல்லை' என்றானால் உரிமை திரும்பும் என்று மட்டும் எழுதினால் போதாது; மின்னூல் ஒருபோதும் அப்படி ஆகாது. அதனால் விற்பனை எண்ணிக்கையைக் குறிக்காத விதியால் பயனில்லை.

பல்கலைக்கழகப் பதிப்பகங்களுக்கு முகவர் இல்லாமலே எழுதலாம். வெளி அறிஞர்கள் பிரதியைப் படித்துக் கருத்துரைப்பார்கள். அதன் பிறகு பேராசிரியர் குழு ஒப்புதல் தரும். வணிகப் பதிப்பகங்கள் பொதுவாகத் தராத பாதுகாப்பு இது. வணிகப் பதிப்பகங்களில் தகவல் சரிபார்ப்புக்கான செலவும் பெரும்பாலும் எழுத்தாளருடையதே. பல்கலைக்கழகப் பதிப்பகங்களின் குறை என்னவென்றால், முன்பணம் சொற்பம் அல்லது இல்லவே இல்லை. பொருளடைவு தயாரிக்கும் செலவும் பல நேரம் ஆசிரியருக்கே.

சொந்தப் பதிப்புக்கு வருவோம். எழுத்தாளர் தானே நூலை வெளியிடும் தளமான அமேசானின் கேடிபியில் 2.99 முதல் 9.99 டாலர் வரை விலையுள்ள மின்னூலுக்கு 70 சதவீதம் கிடைக்கும். பேச்சாளர்கள், பயிற்சியாளர்கள் போன்று வாசகர்களை ஏற்கெனவே சேர்த்துவைத்திருப்பவர்களுக்கு இது நல்ல வழி. ஆவணக்காப்பகத்தில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய வரலாற்று நூலுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பத்திரிகை மதிப்புரையும் நூலகக் கொள்முதலும் அந்தப் பக்கம் அரிதாகவே வரும்.

புலனாய்வு நூல், வாழ்க்கை வரலாறு, பொது வாசகருக்கான அறிவியல் ஆகியவற்றுக்கு முகவரையே தேடுங்கள். படித்துப்பார்க்கவே கட்டணம் கேட்பவரிடம் போகாதீர்கள். நல்ல முகவர் நூல் விற்றால்தான் சம்பாதிப்பார். சிறிய துறைக்கான ஆய்வு நூலுக்குப் பல்கலைக்கழகப் பதிப்பகம் போதும். அப்படி முகவரின்றிக் கையெழுத்திடுபவர்கள் ஆதர்ஸ் கில்டு என்ற அமெரிக்க எழுத்தாளர் அமைப்பில் சேர்ந்தால், அதன் வழக்கறிஞர்கள் உறுப்பினர்களின் ஒப்பந்தத்தைப் படித்து ஆலோசனை சொல்வார்கள்.