கிராஃபிக் ஈக்யூ பெடல் – பல வருஷம் வாசிச்சதும் திறந்து ரிப்பேர் பண்ணதும்

டிஸ்டார்ஷன், டிலே எல்லாத்தையும் பத்தி நிறைய பேர் எழுதறாங்க, ஈக்யூ பெடலைப் பத்தி, அதாவது கிட்டார் சத்தத்தைப் பேண்ட் பேண்டா (ஃப்ரீக்வென்சி பகுதியா) பிரிச்சு ஒவ்வொண்ணையும் ஒரு ஸ்லைடர் வச்சு ஏத்தி இறக்கற பெடலைப் பத்தி, யாரும் வாயே திறக்க மாட்டேங்கறாங்க. என் போர்டுல இருந்து இதுவரைக்கும் வெளிய போகாத ஒரே பெடல் அதுதான், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

என்னோடது ஏழு பேண்ட், கூட ஒரு லெவல் ஸ்லைடர். 100, 200, 400, 800 ஹெர்ட்ஸ், அப்புறம் 1.6, 3.2, 6.4 கிலோஹெர்ட்ஸ், ஒவ்வொண்ணும் மேலயும் கீழயும் 15 டெசிபெல். 1981ல வந்த பாஸ் ஜிஇ-7லயும் இதே பேண்டுதான், ஆனா என்னோடது அது இல்ல, வேற ஒரு கம்பெனி. கிட்டாரோட தடி கம்பி ஈ 82 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிக்குதுங்கறதை மனசுல வச்சுக்கிட்டா இந்த எண்ணெல்லாம் உடனே புரிஞ்சுடும். 100 வெறும் தும்முனு அடிக்கிற பகுதி, 800 பக்கம்தான் சோலோ கூட்டத்துல இருந்து வெளிய வரும், 3.2ல பிக் கம்பியில படுற சத்தம், 6.4ல பெரும்பாலும் உஸ்ஸுதான்.

லைட் மியூசிக் மேடையில கீபோர்டும் பேஸும் கீழ்ப்பகுதியை மொத்தமா எடுத்துக்கும், அங்க நான் 100ஐ இறக்கி 800ஐ கொஞ்சம் ஏத்தி லெவலையும் தூக்கி சோலோவுக்கு மட்டும் மிதிப்பேன். டிஸ்டார்ஷனுக்கு முன்னாடி வச்சா எந்தப் பகுதி உடைஞ்சு டிஸ்டார்ட் ஆகணும்னு நாம முடிவு பண்றோம், பின்னாடி வச்சா உடைஞ்சு வந்த சத்தத்தை வடிவமைக்கறோம், ரெண்டும் வேற வேற பெடல் மாதிரியே இருக்கும். எனக்கு பின்னாடிதான் பிடிக்கும். ஒண்ணு மட்டும், 15 டெசிபெல்னா வோல்டேஜ் கிட்டத்தட்ட 5.6 மடங்கு, 9 வோல்ட்ல ஓடற பெடல்ல எல்லா ஸ்லைடரையும் ஏத்துனா உள்ள சிக்னலைப் பெருக்கற ஆப்-ஆம்பே சத்தத்தை உடைக்க ஆரம்பிச்சுடும், எம்எக்ஸ்ஆர் கம்பெனியோட 10 பேண்ட் பெடல் 18 வோல்ட்ல ஓடுறதால அதுக்கு இந்த விஷயத்துல இடம் ஜாஸ்தி.

இப்ப உள்ள என்ன இருக்குன்னு சொல்றேன், ஏன்னா இந்த பெடலை ரிப்பேர் பண்றது எவ்வளவு சுலபம்ங்கறது அதுலதான் இருக்கு. ஒரு பேண்டைப் புரிஞ்சுக்கிட்டா ஏழும் புரிஞ்ச மாதிரி, மதிப்பு மட்டும்தான் மாறும். ஒவ்வொரு பேண்டுக்கும் ஒரு காயிலும் ஒரு கெபாசிட்டரும் சீரிஸ்ல வேணும், ரெண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட ஃப்ரீக்வென்சியை மட்டும் சுலபமா உள்ள விடும். ஆனா 100 ஹெர்ட்ஸுக்கு 1.7 மைக்ரோஃபாரட் பக்கம் கெபாசிட்டர் போட்டா காயில் 1.5 ஹென்றி வேணும், அது பெரிய இரும்பு கோர் வச்ச காயில், பெடல் டப்பாக்குள்ள அடங்காது, பக்கத்துல இருக்கற டிரான்ஸ்ஃபார்மர் ஹம்மையெல்லாம் வேற இழுக்கும். அதனால ஒரு ஆப்-ஆம்ப், ரெண்டு ரெசிஸ்டர், ஒரு குட்டி கெபாசிட்டர் வச்சு காயில் மாதிரியே நடந்துக்கற ஒரு சர்க்யூட் போட்டுடறாங்க, அதுக்கு ஜைரேட்டர்னு பேரு. கணக்கு ரொம்ப சிம்பிள், ரெண்டு ரெசிஸ்டரையும் அந்த கெபாசிட்டரையும் பெருக்குனா வர்றதுதான் ஹென்றி. 470 ஓம், 68 கே, 0.047 மைக்ரோஃபாரட், பெருக்கிப் பாருங்க, அதே 1.5 வரும்.

ஸ்லைடரோட ஒரு முனை மெயின் ஆப்-ஆம்போட பிளஸ் இன்புட்டுக்குப் போகுது, மறுமுனை மைனஸ் இன்புட்டுக்கு, நடுவுல நகர்ற வைப்பர் அந்த பேண்டோட கெபாசிட்டர் வழியா ஜைரேட்டருக்கு. பிளஸ் பக்கம் தள்ளுனா உள்ள வர்ற சிக்னல்ல இருந்து அந்த ஃப்ரீக்வென்சி கிரவுண்டுக்கு வழிஞ்சு போயிடும், சத்தம் குறையும். மைனஸ் பக்கம் தள்ளுனா ஃபீட்பேக்ல இருந்து அது வழிஞ்சு போகுது, ஆப்-ஆம்ப் அதை ஈடுகட்ட அந்த ஃப்ரீக்வென்சியை மட்டும் தூக்கிக் கொடுக்கும். நடுவுல ரெண்டும் சமம், ஒண்ணும் நடக்காது. இது புரிஞ்ச அப்புறம் எனக்கு இந்த பெடல் மேல மரியாதை ரொம்ப கூடிப்போச்சு, எந்த ஸ்லைடர் எப்படி நடந்துக்குதுன்னு பார்த்தாலே கோளாறு எங்கன்னு பாதி தெரிஞ்சுடும். ஏத்துனா வேலை செய்யுது இறக்குனா ஒண்ணும் ஆகலைன்னா அந்த ஸ்லைடர் டிராக் (வைப்பர் உரசற பட்டை) ஒரு பக்கம் விட்டுப்போச்சு. ஒரு பேண்ட் மொத்தமா செத்துக் கிடந்தா அந்த பேண்டோட பாகங்களை மட்டும் பாருங்க. எல்லாமே போச்சுன்னா சப்ளை, இல்ல மெயின் ஆப்-ஆம்ப்.

எனக்கு முதல்ல வந்த கோளாறு ஸ்லைடரை நகர்த்துறப்ப வர்ற கரகரப்பு. சென்னை காத்துல உப்பும் ஈரமும் இருக்கு, ஸ்லைடர் துவாரம் மேல பார்த்து திறந்தே கிடக்கு, வராம எப்படி இருக்கும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் விட்டு இருபது முப்பது தடவை மேலயும் கீழயும் தேய்ச்சு நல்லா காய விட்டு அப்புறம் ஃபேடருக்குன்னே (ஸ்லைடருக்கு இன்னொரு பேரு) வர்ற லூப்ரிகன்ட் கொஞ்சம், அவ்வளவுதான். கதவு கீலுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை தயவுசெஞ்சு அடிக்காதீங்க, அந்த எண்ணெய் உள்ளயே தங்கி தூசியை இழுத்து வச்சுக்கும்.

அடுத்தது ஹம். இது நம்ம ஊர்க்காரங்க கண்டிப்பா தெரிஞ்சுக்க வேண்டியது, நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர்ல அதை ரெக்டிஃபை பண்ணா (டிசியா மாத்துனா) மிச்சம் நிக்கிற ரிப்பிள், அதாவது ஏற்ற இறக்கம், சரியா 100 ஹெர்ட்ஸ், அதாவது நம்ம முதல் ஸ்லைடர் நிக்கிற அதே இடம்! அமெரிக்காவுல அது 120. எனக்கு 100 ஸ்லைடரை ஏத்த ஏத்த ஹம்மும் ஏறுச்சு, பேட்டரி போட்டா சுத்தமா இல்ல, அப்பவே சப்ளை பக்கம்தான்னு தெரிஞ்சுபோச்சு. உள்ள 9 வோல்ட்டை ரெண்டு சம ரெசிஸ்டர் வச்சு பாதியாக்கி 4.5 எடுத்து ஒரு எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்ல நிறுத்தி வச்சிருப்பாங்க, அது காஞ்சுபோயிருந்துச்சு. அதையும் சப்ளை ஃபில்டர் கெபாசிட்டரையும் மாத்துனேன், ஹம் போயிடுச்சு. அதே கையோட 100 பேண்டோட எலக்ட்ரோலிடிக்கையும் மாத்துனேன், அதுவும் காஞ்சு மதிப்பு இறங்கியிருந்தா பேண்டே இடம் மாறிடும், பாதியா குறைஞ்சா 100ங்கறது 140 பக்கம் போய் நிக்கும்.

மூணாவது கோளாறுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 800ஐ ஏத்துனா நடுப்பகுதி மட்டும் ஏறாம அதுக்கு மேல இருக்கற டிரெபிள் மொத்தமும் உஸ்ஸுன்னு ஏறுது, 1.6லயும் அதே கதை, மத்த அஞ்சும் நல்லா இருக்கு. ஒரு ஐசிக்குள்ள ரெண்டு ஆப்-ஆம்ப் இருக்கும், ரெண்டு பேண்ட் சேர்ந்து கெட்டா ஒரே ஐசியாத்தான் இருக்கணும். மல்டிமீட்டர் வச்சா சப்ளை வர்ற 8வது காலும் 4வது காலும் சரியா இருக்கு, அவுட்புட்டான 1லயும் 7லயும் 4.5 வரணும், ரெண்டும் 8 வோல்ட் கிட்ட ஒட்டிக்கிட்டு நிக்குது. அவுட்புட் அப்படி ஒட்டிக்கிட்டா ஜைரேட்டர் காயிலா நடிக்கறதை நிறுத்திடும், வெறும் கெபாசிட்டரும் ரெசிஸ்டரும்தான் மிச்சம், அதான் டிரெபிள் மொத்தமா ஏறுது. சென்னையோட எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்டான ரிச்சி ஸ்ட்ரீட்ல ஐசியும் சாக்கெட்டும் வாங்கி, சக்கர் வச்சு பழைய ஈயத்தை எடுத்து சாக்கெட்டைப் போட்டு, டிஎல்072ங்கற ரெண்டு ஆப்-ஆம்ப் ஐசி ஒண்ணைச் சொருகுனேன், ரெண்டு பேண்டும் திரும்ப வந்துச்சு. பேரை அழிச்சு வேற பேர் அச்சடிச்ச ஐசியும் மார்க்கெட்ல சுத்துது, ரெண்டு மூணா வாங்கி வச்சுக்கங்க.

எல்லா ஐசியையும் என்ஈ5532ங்கற இரைச்சல் கம்மியான ஐசியா மாத்துனா உஸ்ஸே இல்லாம போகும்னு சொல்லுவாங்க. நான் மெயின் ஆப்-ஆம்பை மட்டும் மாத்துனேன், உஸ் குறைஞ்சது நல்லாவே தெரிஞ்சுச்சு. ஜைரேட்டர்ல இருக்கறதை மாத்தி பெரிய லாபம் இருக்கும்னு எனக்குத் தோணல, ஸ்லைடர் நடுவுல இருக்கறப்ப அதோட இரைச்சல் ரெண்டு இன்புட்டுக்கும் சமமாப் போய் பெரும்பாலும் அடிபட்டுடும். அதோட 5532 ஒண்ணு 8 மில்லி ஆம்ப் பக்கம் குடிக்கும், டிஎல்072 மூணு கூட குடிக்காது, பேட்டரியில வாசிக்கறவங்க இதை யோசிக்கணும்.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கப் போறீங்கன்னா ஒரு கிட்டாரும் குட்டி ஆம்பும் கையோட கொண்டு போங்க. பெடலை ஆன் பண்ணி எல்லா ஸ்லைடரையும் நடுவுல வச்சுட்டு ஒவ்வொண்ணா மேல கடைசி வரைக்கும் கீழ கடைசி வரைக்கும் கொண்டு போய்க் கேளுங்க, ஏழும் ஏழு வேற இடத்தைத் தொடணும். கரகரப்பு மட்டும் இருந்தா தயங்காம வாங்கலாம், அது ஒரு சாயங்கால வேலை. ஸ்லைடர் உடைஞ்சு தண்டு ஆடுதுன்னா யோசிங்க, மேல பி50கே மாதிரி மதிப்பு அச்சடிச்சிருக்கும், பி ன்னா லீனியர், ஆனா மதிப்பு கிடைச்சாலும் அதே நீளம், அதே கால் இடைவெளி, அதே தண்டு உயரத்துல தேடி எடுக்கறதுதான் இந்த பெடல்ல உண்மையிலேயே கஷ்டமான வேலை.