மாதக்கணக்கில் நின்ற காரை மலைப்பாதைக்கு எடுப்பது: செங்கோட்டையிலிருந்து ஓர் அனுபவம்

வீடு செங்கோட்டையில், வேலை மஸ்கட்டில். கார் வருடத்தில் பெரும்பகுதி ஷெட்டில் நிற்கும், லீவுக்கு வரும்போது மட்டும் ஓடும். பல வருடமாக இதுதான் நடைமுறை. வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். கம்பெனி பெயரை எழுதவில்லை. சும்மா நிற்பதால் வரும் கோளாறு எல்லா கம்பெனி வண்டிக்கும் ஒன்றுதான்.

நின்ற வண்டி என்றதும் எல்லோரும் கேட்பது "ஸ்டார்ட் ஆச்சா?" என்றுதான். எங்கள் ஊரில் அதைவிட முக்கியமான கேள்வி, பிரேக் மிதித்தால் அது சரியாக நிற்கிறதா என்பது. புனலூர், கொல்லம், திருவனந்தபுரம் ஏர்போர்ட் என்று எங்கே போனாலும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் மலை ஏறி இறங்கியாக வேண்டும். புளியரை தாண்டியதும் எஸ் வளைவு, முன்னும் பின்னும் பாரம் ஏற்றிய லாரிகள். திரும்பி வரும்போது கேரள எல்லையிலிருக்கும் கோட்டைவாசலிலிருந்து புளியரை வரை இறக்கம். மாதக்கணக்கில் நின்ற பிரேக்கை நம்பி அந்த இறக்கத்தில் இறங்கக் கூடாது. அதனால் பேட்டரிக்கு முன்னால் பிரேக்கைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

எங்கள் பக்கத்து ஈரம் தனி ரகம். ஜூன் பிறந்தால் ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் காற்று சாரலைக் கொண்டுவந்து விடும். அது ஓய்ந்து கொஞ்ச நாளில் ஐப்பசி, கார்த்திகை மழை. ஷெட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் விழாவிட்டாலும் இரும்பு காய்வதில்லை. பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பு, ஒரே ராத்திரி ஈரத்தில் செம்பழுப்பாகிவிடும். மேலோட்டமான துரு நாலைந்து முறை பிரேக் மிதித்தால் போய்விடும், பயப்பட வேண்டாம். ஆனால் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் ஒட்டியிருந்த இடத்தில் மட்டும் துரு ஆழமாகக் குழி விழுந்திருந்தால் மிதிக்கும்போது காலில் ஒரு துடிப்பு தெரியும். பத்து, இருபது கிலோமீட்டர் ஓடியும் அது குறையவில்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும்.

பின் சக்கரத்தில் டிரம் பிரேக். ஹேண்ட் பிரேக் இழுத்த நிலையிலேயே சாரல் காலம் முழுவதும் நின்றால், உள்ளிருந்து டிரம்மை அழுத்திப் பிடிக்கும் ஷூ அதோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது ஆக்சிலேட்டரை மிதித்து இழுக்கவே கூடாது. ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங் பிய்ந்து டிரம்முக்குள்ளேயே தங்கிவிடும், வண்டி நகர்ந்துவிடும், பிரேக் போயிருப்பது வெளியே தெரியாது. முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பார்க்கலாம். வரவில்லையா, சக்கரத்தைக் கழற்றி டிரம்மைச் சுற்றி மரச் சுத்தியலால் தட்டினால் விட்டுவிடும். நான் மஸ்கட் கிளம்பும்போது ஹேண்ட் பிரேக் போடுவதே இல்லை. முதல் கியரில் விட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்துவிடுவேன்.

பிரேக் ஆயில் விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. காற்றிலிருக்கும் ஈரத்தை அது கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும். டாட் 4 ரகத்தில் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் காலை எடுக்காமல் பிரேக் மிதித்தால் பேடை அழுத்தும் காலிபரில் சூடு ஏறி ஆயிலில் ஆவிக்குமிழி உண்டாகும். பெடல் பஞ்சு போல உள்ளே போகும், வண்டி நிற்காது. அதனால்தான் கிலோமீட்டரைப் பார்க்காமல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். "இவ்வளவு கம்மியா ஓடின வண்டிக்கு எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு என் பதில், கம்மியாக ஓடினதாலேயே மாற்ற வேண்டும் என்பதுதான். எங்கள் மெக்கானிக் அண்ணாச்சி ஆயில் மாற்றும்போதே காலிபர் பின்களையும் கழற்றித் துடைத்து கிரீஸ் வைத்துவிடுவார். அந்தப் பின் இறுகினால் பிரேக் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

சாவி போடுவதற்கு முன்னால் பானட்டைத் திறந்து எலி வந்த தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் தேங்காய் நாரும் துணிக் கிழிசலும் சேர்த்துக் கூடு கட்டியிருக்கும். ஒயரைக் கடித்திருந்தால் பேட்டரி இணைத்ததும் ஷார்ட் ஆகலாம். இங்கே பலர் புகையிலைக் கட்டையைத் தொங்கவிடுவார்கள். வாசம் இருக்கும் வரைக்கும் அது பயன்படுகிறது என்பது என் அனுபவம், சில வாரத்தில் வாசம் போய்விடும். நெல் மூட்டையையும் மாட்டுத் தீவனத்தையும் ஷெட்டிலிருந்து வேறு இடத்துக்கு மாற்றிய பிறகுதான் எலித் தொல்லை உண்மையிலேயே குறைந்தது.

இனி பேட்டரி. வண்டி பூட்டிக் கிடந்தாலும் கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் எடுக்கும். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் ஹவர். என் வண்டியில் இருப்பது 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி, ஐம்பது நாளுக்குள் காலியாகிவிடும். காலியாகவே மாதக்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய தெம்பு வராது. அதனால் போகும்போது நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிடுகிறேன். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மாற்றிச் செய்தால் பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டாலே பெரிய தீப்பொறி பறக்கும்.

திரும்பி வந்ததும் மல்டிமீட்டரில் பார்க்கிறேன். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.4 என்றால் முக்கால், 12.0 என்றால் கால்வாசிதான். குறைந்திருந்தால் ஜம்ப் கேபிள் போட்டு எழுப்பி உடனே ஓட்டுவதில்லை. மூன்று, மூன்றரை ஆம்பியரில் ராத்திரி முழுவதும் சார்ஜரில் போடுகிறேன். செத்த பேட்டரியை முழுதாக நிரப்பும் வேலையை ஆல்டர்னேட்டர் தலையில் கட்டினால் அதற்கும் கேடு. ஸ்டார்ட் ஆனபின் டெர்மினலில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். எத்தனால் தண்ணீரை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகப் பிரிந்துவிடும். டேங்க் பாதி காலியாக இருந்தால் உள்ளே ஈரக் காற்றுக்கு இடம் அதிகம், ஆகவே கிளம்பும் முன் டேங்கை நிரப்பிவிடுகிறேன். வந்ததும் சாவியை ஆன் நிலை வரை இரண்டு மூன்று முறை திருப்பி பம்ப் சத்தம் கேட்ட பிறகே செல்ஃப் அடிக்கிறேன். மூடியைத் திறக்கும்போது வார்னிஷ் வாடை அடித்தால் அந்தப் பெட்ரோலை இறக்கிவிடுவதே நல்லது. எஞ்சின் ஆயிலை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன், அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

சித்தப்பா முன்பு வாரம் தவறாமல் வந்து பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பார். "வாரா வாரம் போட்டிருக்கேம்ல, ஒரு கொறையும் இல்ல" என்பார். அந்த அக்கறைக்கு நான் என்றும் கடன்பட்டவன். ஆனால் நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடினால் செல்ஃப் எடுத்த கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் என்று சொல்ல முடியாது. புகையிலிருக்கும் நீராவி சைலன்சருக்குள்ளேயே தங்கி அரிக்கும். டயர், பிரேக், கிளட்ச் எதுவும் அசைவதில்லை. இதை அவரிடம் உட்கார்ந்து சொன்னேன். இப்போது முழங்கால் வலி இல்லாத மாதங்களில் பேட்டரியை மாட்டி, பண்பொழி திருமலைக் கோவிலுக்கு ஓட்டிப்போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு வருகிறார். மேலே வரைக்கும் கார் போகும் பாதை இருப்பதால் எஞ்சினும் பிரேக்கும் நன்றாகச் சூடாகிவிடுகின்றன. வண்டிக்கு இதைவிட நல்லது வேறில்லை.

டயரில் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தானாகவே இறங்கும். நான் போகும்போது வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காற்றுப் பிடித்துவிடுவேன், ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாவது குறையும். லேசான தட்டை ஓடச் சூடானதும் சரியாகிவிடும், நடுக்கம் நீடித்தால் டயரை மாற்ற வேண்டும். டயரின் பட்டன், அதாவது ரோட்டில் படும் வரிகள், தேயாததால் புதுசு என்று நினைத்துவிடக் கூடாது. பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆம் வாரத்தில் செய்தது. ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள், அதற்குத்தான் வயது கூடுதலாக இருக்கும்.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. இன்சூரன்ஸ் முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். வண்டி ஓடவில்லை என்பதற்காக அதை விடாதீர்கள். புகைச் சான்றையும் பார்த்துவிட்டே எல்லை தாண்டுங்கள்.

எல்லாம் முடிந்தபின் முதல் ஓட்டம் சமதரையில்தான். காலியான ரோட்டில் மெதுவாகப் போய்ப் பிரேக்கை லேசாகவும், பிறகு அழுத்தியும் மிதித்துப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்ததும் நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் காட்டுவேன், தொடமாட்டேன். ஒன்றில் மட்டும் அனல் அதிகமாக அடித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, நேராக அண்ணாச்சி பட்டறைதான். நாலும் ஒரே மாதிரி இருந்தால் மறுநாள் ஆரியங்காவு வரை போய் வருவேன், இறக்கத்தில் இரண்டாம் கியரில், பிரேக்கை விட்டு விட்டு மிதித்து. அதற்குப் பிறகுதான் குடும்பத்தை ஏற்றுவேன்.

மறுபடி மஸ்கட் கிளம்பும்போது பிளாஸ்டிக் கவர் போடுவதில்லை. எங்கள் ஈரத்துக்கு உள்ளே வியர்த்து சீட்டில் பூஞ்சை பிடிக்கும். பழைய காட்டன் வேட்டிகளைத் தைத்து ஒரு போர்வை வைத்திருக்கிறோம், தூசிக்கு அது போதும். சாவியும் மல்டிமீட்டரும் சித்தப்பாவிடம். மாதம் ஒருமுறை வோல்டேஜை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். 12.4க்குக் கீழே போனால் அன்று ராத்திரியே சார்ஜரைப் போட்டுவிடச் சொல்லிவிடுவேன்.